துப்பாக்கிக்குள் போன பென்சில்

தூராவுக்கு அந்தப் பலகையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊர் முடிகிற இடத்தில் சாலையோரம் நட்டுவைத்த முக்கோணப் பலகை. அதில் ஒரு வெள்ளைக் கரடி. துப்பாக்கி இல்லாமல் இதைத் தாண்டாதே என்று அர்த்தம். வடதுருவத்தை ஒட்டிய அந்த ஸ்வால்பார்டு தீவில் நேற்று விமானத்திலிருந்து இறங்கியவனுக்கும் அது தெரியும். தூரா கடையைப் பூட்டிவிட்டுத் தினமும் அதுவரை நடப்பாள், கம்பத்தை ஒரு தட்டுத் தட்டுவாள், வந்த வழியே திரும்புவாள். கட்டிப்போட்ட நாயும் சங்கிலி எட்டுகிற வரைக்கும்தான் போகும், நானும் அப்படித்தான் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கு அவள் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

அவளுடையது முடிவெட்டும் கடை. நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் பலகைக்கு அந்தப் பக்கத்துக் கதையோடுதான் வருவார்கள். பனியாறு உள்ளுக்குள் நீலமாக இருந்தது என்பான் ஒருவன். கலைமான் குடிலின் ஜன்னலில் மூக்கை வைத்து என்னையே பார்த்தது என்பாள் இன்னொருத்தி. தூரா கத்தரியை நிறுத்திவிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்பாள். ஏன் நீலம்? எவ்வளவு நேரம் பார்த்தது? மூக்கு வைத்த இடத்தில் கண்ணாடி உறைந்துவிட்டதா? வந்தவர்களுக்கு முடி வெட்டி முடிவதற்குள் பொழுது போய்விடும்.

ஓட்வார் அவளோடு வாழ்பவன். நல்லவன்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பனி ஸ்கூட்டர்களையும் சங்கிலிச் சக்கர வண்டிகளையும் பழுதுபார்க்கிற பட்டறையில் வேலை. லீவு நாட்களில் அவளைப் பலகைக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போவான். அவன் முன்னால், தோளில் துப்பாக்கியோடு. அவள் பின்னால். அவன் முதுகுப் பையில் எந்தத் தையல் பிரிந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள், அத்தனை நாள் அதையே பார்த்திருக்கிறாள். தூரத்தில் பாதை வளைகிற அந்தத் திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கும்போதுதான் அவனுக்கு முழங்கால் வலிக்கும், இல்லாவிட்டால் காப்பி நேரம் வந்துவிடும்.

தனியாகப் போகவேண்டும் என்று அவள் வாயைத் திறந்தால் சிரிப்பான்.

"நான் எதுக்கு இருக்கேன்? என் பின்னாலயே வா, போதும்."

அவளுக்குப் போதவில்லை. பிப்ரவரி மாதம், சூரியன் இன்னும் மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்காத நாளில், ஊருக்கு வெளியே சுடுகளத்தில் நடக்கிற பாதுகாப்பு வகுப்பில் பெயரைக் கொடுத்துவிட்டாள். அதில் தேறினால்தான் அவள் பெயரில் துப்பாக்கி உரிமம். ஓட்வார் வாஃபிளை மென்றுகொண்டே, போ போ, கரடிக்குக் கிராப்பு வெட்டக் கற்றுக்கொண்டு வா என்றான். ஆனால் தன்னுடைய இரண்டாவது துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொன்னான். அவனிடம் ஒரே மாதிரி இரண்டு பழைய துப்பாக்கிகள் உண்டு, ஊரைவிட்டுப் போன ஒரு சுரங்கக்காரரிடம் ஜோடியாக வாங்கியது. எது எது என்று அவனே தோள்வாரை வைத்துத்தான் கண்டுபிடிப்பான்.

வகுப்பெடுத்தவள் பிரித்தா. வகுப்பில் இருந்த அத்தனை பேரையும்விட வயதில் சின்னவள். பேச்சு என்றால் கைக்காசைச் செலவழிக்கிறாற்போலத்தான் வரும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்லமாட்டாள், செய்து காட்டுவாள். தூரா மாதிரி ஒருத்திக்கு இப்படி ஒரு வாத்தியார் கிடைத்தது இரண்டு பேருக்குமே பொருத்தமாகப் போயிற்று.

முதல் நாள் எல்லாருடைய துப்பாக்கிக் குழலிலும் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டிவிட்டாள். பூனைக்கு விளையாட்டுக் காட்ட வைத்திருப்பார்களே, புள்ளியாக விழும் வெளிச்சம், அது. துப்பாக்கி காலி. குழல் எங்கே திரும்புகிறதோ அங்கே சிவப்புப் புள்ளி போகும். யார் மேல் புள்ளி விழுகிறதோ அவர் உடனே பனியில் உட்கார்ந்து தன் பெயரைச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் பாடம். சூரியன் வராத அந்த நீல வெளிச்சத்தில் நடந்தார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள், கையுறையைக் கழற்றி மாட்டினார்கள். பத்து நிமிஷம் ஆவதற்குள் பாதிப்பேர் பனியில் உட்கார்ந்திருந்தார்கள். தூரா மூக்கைச் சிந்தத் திரும்பியபோது அவள் புள்ளி பிரித்தாவின் வயிற்றில் போய் நின்றது. பிரித்தா சட்டென்று உட்கார்ந்து, பிரித்தா என்றாள். தூராவுக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

பேரை எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். இன்னும் கொஞ்சம் விளையாடு, தெரியும் என்று மட்டும் பதில் வந்தது.

அடுத்த நாள் கரடி வந்தது. ஒட்டுப்பலகையில் வெட்டிச் சறுக்குவண்டியில் நிறுத்திய கரடி. மின்சார உருளை ஒன்று கயிற்றைச் சுற்ற, அது சுடுகிறவரைப் பார்த்து ஓடிவரும். முதலில் பிரித்தா கரடியை விரட்டும் வெடியைக் காட்டினாள். வானத்தில் பாய்ந்துபோய் விழுந்து வெடிக்கிற கைத்துப்பாக்கி வெடி. தூராவைச் சுடச்சொன்னாள். கரடியின் தலைக்கு மேலே போய் அதன் முதுகுக்குப் பின்னால் டமார் என்றது. ஆகா என்று எல்லாரும் கைதட்டினார்கள். பிரித்தா பொத்தானை அமுக்கினாள். கரடி தலைதெறிக்க அவர்களை நோக்கி ஓடிவந்தது.

தூராவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. பின்னால் வெடித்தால் எந்தப் பிராணியும் முன்னால்தான் ஓடும், முன்னால் நிற்பது நாம். வெடி நமக்கும் கரடிக்கும் நடுவில் விழ வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் இதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு போனாள். இப்படி எத்தனை விஷயம் நாம் பாட்டுக்கு எதிர்மாறாக நினைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று இருந்தது அவளுக்கு.

துப்பாக்கியால் சுடவும் நன்றாகவே சுட்டாள். பாதி ஏற்றின துப்பாக்கியோடு நிற்க வேண்டும், அதாவது தோட்டாக்கள் துப்பாக்கியின் பெட்டியில் இருக்கும், குழலின் அடியில் உள்ள அறையில் இருக்காது. கரடி கிளம்பினதும் போல்ட்டை, அதாவது துப்பாக்கியின் பின்பக்கம் கழற்றி மாட்டுகிற இரும்புத் தண்டை, இழுத்துத் தள்ளித் தோட்டாவை ஏற்றிச் சுடவேண்டும். ஒட்டுப்பலகையின் மார்பில் அவள் போட்ட ஓட்டைகளைப் பார்த்துப் பிரித்தாவே புருவத்தை உயர்த்தினாள்.

தேர்வு நாள் விடிந்தது. விடிந்தது என்று சும்மா சொல்கிறோம், வானம் கொஞ்சம் நீலமாயிற்று. நல்ல குளிர், மூக்குமயிர் உறைகிற குளிர். துப்பாக்கிகள் அந்த வீட்டில் வாசலை ஒட்டிய குளிரறையில் பூட்டி இருக்கும், போல்ட்டுகள் சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்குப் பக்கத்தில். இரண்டும் சேர்ந்திருக்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் கட்டை. தூரா அவசரத்தில் இழுப்பறையில் கைவிட்டு ஒரு போல்ட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

போல்ட்டைத் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டு பனியில் காத்து நின்றாள், அவள் முறை வர வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் கோட்டில் போய் நின்றாள். கரடி கிளம்பியது. இழுத்தாள், தள்ளினாள், குறிவைத்தாள், விசையை அழுத்தினாள். க்ளக். அவ்வளவுதான். வெடிக்கவில்லை. கரடி வந்து அவள் முட்டியில் இடித்து நின்றது.

பின்னாலிருந்து யாரோ ஐயோ பாவம் என்றார்கள். தூரா திரும்பிப் பார்க்கவில்லை. வெடிக்காத தோட்டா தாமதமாகவும் வெடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள், அதனால் குழலைக் குண்டுகளைத் தடுக்கிற மண்மேட்டைப் பார்த்தே வைத்துக்கொண்டு, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, முட்டியில் கரடியோடு அப்படியே நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்து இமையில் உறைந்தது. இனி தினமும் அந்தக் கம்பம்தான் கதி என்று நினைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து பிரித்தா வந்து தோட்டாவை வெளியே எடுத்தாள். அதன் அடியில், போல்ட்டுக்குள்ளிருந்து பாய்கிற ஊசி குத்திய தடம் லேசாக, நகம் பட்டாற்போல இருந்தது. அப்புறம் போல்ட்டைத் திருப்பி அதில் பொறித்த எண்ணையும் துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் பார்த்தாள்.

"இது இந்தத் துப்பாக்கியோட போல்ட்டே இல்ல. வெடிக்காதது உன் அதிர்ஷ்டம். மாத்திப் போட்ட போல்ட் சில நேரம் மூஞ்சியிலயே வெடிக்கும்."

தூராவுக்கு அழுகை நின்றுவிட்டது. வேறு போல்ட் என்றால் சரி. ஆனால் ஏன் வெடிக்கவில்லை? ஊசி ஏன் இவ்வளவு மெதுவாகக் குத்தியது? கேட்டுக்கொண்டே பிரித்தாவின் பின்னால் சுடுகளத்துக் கொட்டகைக்குள் போனாள்.

பிரித்தா வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை. தோட்டாக்களையெல்லாம் வெளியே வைத்துவிட்டு வந்தாள். துப்பாக்கி காலிதானா என்று அறைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், தூராவையும் விட்டுப் பார்க்கச் சொன்னாள். போல்ட்டைப் போட்டு, குழலை மேலே தூக்கி, அதற்குள் ஒரு பென்சிலை ரப்பர் முனை கீழே போகும்படி நழுவவிட்டாள். விசையை அழுத்தினாள். பென்சில் உள்ளேயே சோம்பல் முறித்தாற்போல லொட்டென்று அசைந்தது. பிறகு போல்ட்டைக் கழற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் காப்பி ஊற்றினாள். காப்பி தீர்ந்ததும் அதே போல்ட், அதே பென்சில். இந்தத் தடவை பென்சில் பாய்ந்துபோய்க் கூரையில் அடித்துக் கீழே விழுந்தது.

தூரா போல்ட்டின் பின்பக்கத்தை மோந்து பார்த்தாள். அந்த வாசனை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வருகிற வாசனை. பட்டறையில் சக்கர அச்சுக்குப் போடுகிற கெட்டி மசகு. அவள் எடுத்துவந்தது ஓட்வார் துப்பாக்கியின் போல்ட்.

சூட்டில் இளகும், குளிரில் இறுகி ஊசியைப் பிடித்துக்கொள்ளும். வீட்டு இழுப்பறையிலிருந்து எடுத்த சூட்டோடு சுட்டால் வெடிக்கும். வெளியே கொஞ்ச நேரம் போனால் வெடிக்காது. ஓட்வார் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இந்தச் சுடுகளத்துக்கு வந்து ஒரு குண்டு சுட்டுப் பார்த்து, பேஷ் என்று தட்டிக்கொடுத்துத்தான் கிளம்புவான். அப்புறம் நாள் முழுக்கப் பனியில் நடப்பார்கள். அவன் முன்னால், அவள் பின்னால்.

அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. போன மாதம் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு குடிலில் தங்கியபோது காலையில் விளக்கோடு கதவைத் திறந்தால் வாசலைச் சுற்றிக் கரடித் தடம், புதுத் தடம். ஓட்வார் துப்பாக்கியை ராத்திரி முழுக்க வெளியே முளையில் மாட்டியிருந்தான், அதை எடுத்துக்கொண்டு நீ உள்ளேயே இரு என்று முன்னால் போனான். அந்த முதுகை நம்பி அவள் அன்றைக்கு நிம்மதியாக ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. இருபது வருஷமாக இயந்திரத்தோடு மாரடிக்கிறவனுக்கு மசகைப் பற்றி முடிவெட்டுகிறவள் பாடமெடுக்கிறாளா என்றான், சிரித்துக்கொண்டுதான். அவள் பென்சிலை எடுத்தாள். வந்ததும் குளிரறையில் குளிரவைத்திருந்த அவன் போல்ட்டைப் போட்டுக் காட்டினாள். பென்சில் லொட்டென்றது.

"பென்சிலால கரடியக் குத்தப் போறியா? தோட்டா வேற, பென்சில் வேற."

"சரி, தோட்டாவோட வா. கரடிய நான் ஏற்பாடு பண்றேன்."

மறுநாள் தூராவுக்கு மறுதேர்வு. அவள் துப்பாக்கியின் நம்பரும் போல்ட்டின் நம்பரும் ஒன்றுதானா என்று இரண்டு தடவை பார்த்து எடுத்துப்போய், கரடி பாதி வழி வருவதற்குள் அதன் மார்பில் ஓட்டை போட்டுத் தேறிவிட்டாள். ஆனால் அவளுக்கு அன்றைக்கு அது பெரிதாகப் படவில்லை. ஓட்வார் வருவானா என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்தான், விசிலடித்துக்கொண்டு, தன்னுடைய துப்பாக்கியோடும் தன்னுடைய போல்ட்டோடும். தூரா அவனை வெளியிலேயே நிற்கவைத்துக் கதை பேசினாள், காப்பியும் வெளியிலேயே கொடுத்தாள். போல்ட் நன்றாகக் குளிரட்டும் என்றுதான்.

சுடுகிறவருக்கு இடதுபக்கம் ஒருவர் நிற்கவேண்டும் என்பது அங்கே விதி. அவர் கரடியைப் பார்க்கக்கூடாது, குழலை மட்டும் பார்க்கவேண்டும். தூரா போய் நின்றாள். பிரித்தா பொத்தானோடு அவர்களுக்கு இடப்புறம், கொஞ்சம் தள்ளி.

கரடி கிளம்பியது. ஓட்வார் பதறாமல் தோட்டாவை ஏற்றினான், அழகாகத்தான் குறிவைத்தான். க்ளக். அவன் முகத்தைத் தூரா பார்க்கவில்லை, குழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டுப்பலகைக் கரடி வந்து அவன் முட்டியில் இடித்தது.

"உன் தோட்டாதான் மோசம்" என்று சொல்லிக்கொண்டே அவன் பிரித்தாவின் பக்கம் திரும்பினான். போல்ட்டின் பிடியைத் தூக்கி இறக்கினான், பழக்கதோஷம். அது ஊசியை மறுபடியும் பின்னுக்கு இழுத்துச் சுடத் தயாராக்கிவிடும் என்பது அவன் ஞாபகத்திலேயே இல்லை. விரல் விசையிலேயே இருந்தது.

சிவப்பு விளக்கு எதுவும் அன்று கட்டியிருக்கவில்லை. ஆனாலும் தூராவுக்குப் புள்ளி தெரிந்தது. பனியில் ஊர்ந்து, சறுக்குவண்டியைத் தாண்டி, பிரித்தாவின் பூட்ஸுக்கு ஏறி, முழங்காலுக்கு ஏறி. தூரா முழங்கையால் குழலை ஓங்கி மண்மேட்டுப் பக்கம் தள்ளினாள்.

துப்பாக்கி வெடித்தது.

மண்மேட்டில் பனி பொசுக்கென்று எழும்பி விழுந்தது. முதல் குத்தில் இளகிய ஊசி இரண்டாவது குத்துக்குத் தயாராக இருந்திருக்கிறது. வேண்டும்போது வெடிக்காத துப்பாக்கி, வேண்டாதபோது வெடித்துவிட்டது.

தூரா ஓட்வாரின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினாள், அவன் கொடுத்துவிட்டான். தோட்டாக்களை எடுத்தாள், போல்ட்டைக் கழற்றிப் பையில் போட்டாள். ஒவ்வொன்றையும் வரிசை தப்பாமல் செய்தாள்.

பிரித்தா நின்ற இடத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தாள். ஓட்வாருக்கு நேராகப் பனியில் உட்கார்ந்தாள்.

"பிரித்தா" என்றாள்.

ஓட்வாருக்கு அந்த விளையாட்டு தெரியாது. ஆனாலும் அவனுக்குப் புரிந்தது. அவனும் பனியில் உட்கார்ந்துவிட்டான். பெயரை எதற்குச் சொல்ல வேண்டும் என்று முதல்நாள் கேட்ட கேள்விக்குத் தூராவுக்கு அப்போதுதான் பதில் கிடைத்தது. இனி ஜென்மத்துக்கும் அவள் அதைக் கேட்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கையை நீட்டினான், அவள் போல்ட்டைக் கொடுத்தாள். சமையலறையில் அதை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, மறுபடி கழுவினான். தூரா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள், ஆனால் துடைக்கத் துணியைத்தான் எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"அந்தக் குடில்ல, காலைல, தடம் பாத்தோமே... அப்பவும் இது இப்படியேதான் இருந்திருக்குமா?"

"ஆமா."

"உன்ன என் பின்னால வான்னு சொன்னேன்."

"ஆமா, சொன்ன."

அவன் கழுவிய போல்ட்டைக் குளிரறையில் ராத்திரி முழுக்க வைத்தான். காலையில் அவனாகவே ஒரு பென்சிலைத் தேடி எடுத்தான். கூரையில் அது அடித்த சத்தத்தில் தூரா விழித்துக்கொண்டாள். அப்புறம் அவன் சின்ன பிரஷ்ஷால் வண்ணம் தொட்டு இரண்டு துப்பாக்கிகளுக்கும் அவற்றின் போல்ட்டுகளுக்கும் அடையாளம் வைத்தான். ஒன்றுக்கு மஞ்சள், ஒன்றுக்குப் பச்சை. பச்சை உன்னுது என்றான்.

ஞாயிற்றுக்கிழமை தூரா பச்சைத் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்தத் திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரவேண்டும். பலகைக்குப் பக்கத்தில் நின்று தோட்டாக்களைப் பெட்டியில் போட்டாள், அறை காலிதானா என்று விரலை விட்டுப் பார்த்தாள். பின்னால் பனி நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஓட்வார். தோளில் துப்பாக்கி இல்லை, கையில் காப்பிக் குடுவை மட்டும். கம்பத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டான்.

"நானும் வரட்டுமா?"

தூரா அந்தக் கம்பத்தை ஒரு தட்டுத் தட்டினாள். அதைத் தாண்டி நாலெட்டு வைத்த பிறகுதான் சொன்னாள்.

"வா. என் பின்னாலயே வா."